இடிந்த சுவரும் திறக்கும் வாசலும்

வங்கக் கடலோரத்தில் அளவுகோல் வைத்து வரைந்தாற்போல் அமைந்த நகரம் புதுவை. ஒன்றையொன்று நேராக வெட்டிச் செல்லும் வீதிகள். அவற்றை நீள்வட்டமாகச் சுற்றி வளைக்கும் பெருஞ்சாலைகள். நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால். 1693 முதல் 1699 வரை இந்நகரைக் கைக்கொண்டிருந்த ஒல்லாந்தர் வகுத்த திட்டத்தின் மீதே பிரெஞ்சுக்காரர் தங்கள் நகரத்தை எழுப்பினர். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம் எனப் பிரிவு ஏற்பட்டது. தமிழர் நகரத்துக்குள்ளும் செட்டித் தெரு, வெள்ளாளர் வீதி, வைசியாள் வீதி, முல்லா வீதி என்று குலத்துக்கும் தொழிலுக்கும் சமயத்துக்கும் ஏற்பத் தெருக்கள் பெயர் பெற்றன. கிறிஸ்தவர்கள் பேராலயத்தை அடுத்த மிஷன் வீதிப் பகுதியில் நெருங்கி வாழ்ந்தனர்.

இந்நகரைக் காண வருவோர் கடற்கரையில் உலாவி, வானளாவிய ஆலயங்களுள் புகுந்து வணங்கி மகிழ்ந்து திரும்புகின்றனர். அவர்கள் கண்ணில் படாத ஆலயங்களும் இங்கே பல உள. அவற்றுக்குக் கோபுரமும் இல்லை, மணியும் இல்லை. வாடகை வீட்டின் கூடம், மாடிக் குடியிருப்பின் முன்னறை, மீனவர் குப்பத்தில் வாசலில் விரித்த பாய், இவையே அவ்வாலயங்கள். குறித்த நாள் மாலையில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் அங்கே கூடி இறைவார்த்தையை வாசித்துப் பகிர்ந்து மன்றாடுகின்றன. அன்பியம் என்னும் அழகிய தமிழ்ப் பெயரால் நாம் வழங்கும் சிறு கிறிஸ்தவச் சமூகங்கள் இவையே. கல்லால் எழுப்பிய ஆலயங்களிலிருந்து புறப்பட்டு இவ்வீட்டு ஆலயங்கள் வரை ஒருமுறை நடந்து பார்ப்போம். இடைப்பட்ட வழி குறுகியதே. ஆயினும் அதைக் கடக்க நம் முன்னோர்க்கு நெடுங்காலம் ஆயிற்று. இன்னும் கடந்து முடித்தோமா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

மூன்று ஆலயங்கள்

புகைவண்டி நிலையத்தை விட்டு வெளியே வருபவரைத் தெற்குப் பெருஞ்சாலையில் முதலில் வரவேற்பது இயேசுவின் திரு இருதய ஆலயம். 1907-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கூர்மையான வளைவுகளும், புனிதர் உருவங்கள் ஒளிரும் வண்ணக் கண்ணாடிகளும் கொண்ட கோத்திக் பாணிக் கட்டடம். 2011-இல் பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது.

அங்கிருந்து வடக்கே நடந்தால் மிஷன் வீதியில் அமலோற்பவ அன்னை பேராலயம். மக்கள் நாவில் இது சம்பா கோவில். இப்பெயரின் பிறப்பைப் பலர் அறியார். சேசு சபைக் குருக்கள் இங்கே அமைத்திருந்த ஆலயம் புனித பவுலின், அதாவது நம் பாட்டன்மார் சின்னப்பர் என்று அழைத்த அப்புனிதரின் பெயரைத் தாங்கியது. போர்த்துக்கேய மொழியில் 'சாம் பாவுலோ' என்பது தமிழர் வாயில் சம்பாவாக உருண்டு நிலைத்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த முதல் ஆலயம் ஒல்லாந்தர் போரில் அழிந்தது. பின்னர் எழுந்ததும் நிலைக்கவில்லை. 1736-இல் முடிவுற்ற பெரிய ஆலயம், 1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கியபோது வீழ்ந்தது. இன்று நாம் காணும் பேராலயம் 1770-இல் தொடங்கப்பெற்று 1791-இல் நேர்ந்தளிக்கப்பட்டது.

வாய்க்காலைக் கடந்து கிழக்கே சென்றால் கடலை நோக்கி நிற்கிறது சம்மனசுகளின் இராக்கினி ஆலயம். 1855-இல் கட்டி முடிக்கப்பட்ட இதனைக் கப்ஸ் கோவில் என்பர். கப்புச்சின் சபைக் குருக்களின் நினைவு அப்பெயரில் வாழ்கிறது. பிரெஞ்சிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நிறைவேறும் ஆலயம் இது.

இரண்டு பழைய ஆலயங்களின் மக்கட்பெயர்களே ஒரு வரலாற்றைக் கூறுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் கப்புச்சின் குருக்கள் ஐரோப்பியரைக் கவனித்தனர். சேசு சபைக் குருக்கள் தமிழரைக் கவனித்தனர். ஒரே ஊர், ஒரே விசுவாசம். ஆனால் வாய்க்காலுக்கு இப்பால் ஒரு சபை, அப்பால் ஒரு சபை. தமிழருக்கென்று அமைந்த ஆலயத்துக்குள் வேறொரு பிரிவும் இருந்தது. அதற்குச் சாட்சி சொல்பவர் ஓர் இந்துப் பெரியவர்.

1745-ஆம் ஆண்டின் சுவர்

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைக் கேள்விப்படாத புதுவைக்காரர் அரியர். 1736 முதல் 1761 வரை இவ்வூரில் நடந்தவற்றைப் பெரிதும் சிறிதுமாக எழுதிவைத்தவர் அவர். 1745 அக்டோபரில் அவர் குறித்த ஒரு செய்தி கிறிஸ்தவர் ஒவ்வொருவரும் அறிய வேண்டியது. சம்பா கோவிலுக்குள் வடபுறத்தில் ஒரு சுவர் இருந்தது. அதற்கு ஒருபுறம் பறையர் எனப்பட்ட கிறிஸ்தவர்கள் அமர்ந்தனர். மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும் கலப்பினத்தாரும் அமர்ந்தனர். ஒடுக்கப்பட்ட மக்கள் ஒன்று கூடி மூத்த குருவிடம் சென்றனர். நாங்களும் உம்முடைய சீடர்கள் என்றால், நாம் வணங்கும் ஆண்டவரிடத்தில் வேற்றுமை இல்லையென்றால், இச்சுவர் எதற்கு என்னும் கருத்துப்பட முறையிட்டனர். குருவானவர் அம்முறையீட்டின் நியாயத்தை ஏற்றார், சுவர் இடிக்கப்பட்டது, எல்லோரும் விரும்பிய இடத்தில் அமரலாம் என்று சொல்லப்பட்டது. அதன்பின் சாதிக் கிறிஸ்தவரிடையே எழுந்த குமுறலையும் சச்சரவையும் பிள்ளையவர்கள் விடாமல் எழுதியுள்ளார்.

இச்செயல் திடீரென விளைந்ததன்று. 1703 நவம்பரில் திருத்தந்தையின் தூதுவரான துர்னோன் என்பார் புதுவையில் வந்திறங்கினார். தமிழகத்துக் கிறிஸ்தவரிடையே நிலவிய சடங்குகளையும் வழக்கங்களையும் ஆராய்ந்து 1704-இல் இவ்வூரிலிருந்தே ஓர் ஆணை பிறப்பித்தார். அவ்வாணை தடைசெய்த சில வழக்கங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் வாதம் நடந்தது; அவ்வாதத்துள் நாம் இங்கே புக வேண்டியதில்லை. அதில் இருந்த ஒரு விதி மட்டும் நம் நினைவில் நிற்க வேண்டியது. ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர் நோயுற்றுக் கிடக்கையில் குரு அவர்தம் வீட்டுக்கே சென்று அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பதே அவ்விதி. சாவின் வாயிலில் கிடப்பவனைக்கூட அவன் குடிசையிலிருந்து தூக்கி வெளியே கொணர்ந்த பின்னரே குரு சந்திக்கும் வழக்கம் இருந்தபடியால் அன்றோ அப்படியொரு விதி தேவைப்பட்டது! 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் தம் ஆணையால் இவ்விதியை மீண்டும் வலியுறுத்தினார். அதற்கு அடுத்த ஆண்டிலேதான் சம்பா கோவிலின் சுவர் இடிந்தது.

ஆகவே புதுவைத் திருச்சபையின் பழம் போராட்டம் இரண்டு இடங்களைப் பற்றியது: ஒன்று ஆலயத்தின் உட்புறம், மற்றொன்று வீட்டின் வாசற்படி. இவற்றுள் எது கடினமானது என்பதை அதே 1745-ஆம் ஆண்டின் மற்றொரு நிகழ்ச்சி காட்டுகிறது.

உழவர்கரை விருந்து

நகருக்கு மேற்கே உள்ள உழவர்கரையில் அவ்வாண்டு ஒரு புதிய ஆலயம் எழுந்தது. அதைக் கட்டியவர் பிரெஞ்சு ஆட்சியாரின் தலைமைத் துபாஷியாக விளங்கிய கனகராய முதலியார். பேத்ரு என்னும் திருமுழுக்குப் பெயர் கொண்ட இவர், 1739-இல் இளமையிலேயே இறந்த தம் மகன் பெலவேந்திரனின் நினைவாக இவ்வாலயத்தை எழுப்பினார். பெலவேந்திரர் என்பது அந்திரேயா திருத்தூதருக்கு நம் முன்னோர் சூட்டிய தமிழ்ப் பெயர். ஆதலின் நவம்பர் 30-ஆம் நாள், அப்புனிதரின் திருவிழாவன்று, பெருவிருந்து நடந்தது. ஐரோப்பியரும் கிறிஸ்தவரும் இந்துக்களும் அழைக்கப்பட்டனர்.

விருந்தின் ஏற்பாட்டையும் நாட்குறிப்பு விவரிக்கிறது. பிராமணருக்குப் பிராமணர் சமைத்தனர். வேளாளருக்கு வேறிடத்தில் சமையல். இவ்வாறு அவரவர் குல ஆசாரம் சிறிதும் குறையாதபடி இடங்கள் பிரிக்கப்பட்டன. அவ்விருந்தை அளித்தவரின் பெருந்தன்மையை நாம் குறைத்துப் பேச வேண்டா. மகனை இழந்த தந்தையின் மனம் அது. அக்காலத்து வழக்கமும் அதுவே. ஆயினும் இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அக்டோபரில் ஆலயத்துச் சுவர் இடிந்தது. நவம்பரில் உணவு பல அடுப்புகளில் தனித்தனியே வெந்தது. ஆலயத்துச் சுவரை ஒரு குருவின் சொல் ஒரே நாளில் இடித்துவிட்டது. அடுப்பையும் வாசற்படியையும் எந்த ஆணையும் எளிதில் அசைக்கவில்லை.

பின்வந்த காலமும் இதையே சொல்கிறது. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் வெளியான பிரெஞ்சு அரசாணையின்படி, பிரெஞ்சிந்தியர் தம் குல வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டுப் புதிய குடும்பப் பெயரைச் சூடிக்கொள்ளலாம் என்றாயிற்று. இவ்வுரிமைக்காக முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை தமக்குச் சூடிக்கொண்ட பெயர் 'லபோர்த்'. பிரெஞ்சு மொழியில் அதற்குக் கதவு என்று பொருள். அக்கதவின் வழியே சென்றவர்களுள் கிறிஸ்தவர் பலர், ஒடுக்கப்பட்டோர் பலர். புதிய பெயர் கிடைத்தது. சட்டத்தின் முன் சமநிலை கிடைத்தது. அடுத்த வீட்டுக் கதவு அதனால் மட்டும் திறந்துவிடவில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று நாம் மனந்தேற முடியாது. 2008 மார்ச்சில் நம் புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டிப் போராடியபோது ஒரே விசுவாசத்தார் இரு பிரிவாய் மோதினர். காவல்துறையினர் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். 2003 நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், உரோமைக்கு வந்திருந்த தமிழக ஆயர்களிடம் சாதி வேற்றுமை கிறிஸ்தவ ஒற்றுமைக்கு முரணானது என எச்சரித்திருந்தார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவரின் முன்னேற்றத்துக்கெனத் தனிக் கொள்கையையே வெளியிட்டது. ஆணைகள் வேண்டும்; கொள்கைகள் வேண்டும். ஆனால் அவை வாசற்படி வரைதான் வர முடியும். அதற்கு அப்பால் அயலார்தாம் செல்ல வேண்டும்.

வீட்டில் கூடிய திருச்சபை

இங்கேதான் அன்பியத்தின் சிறப்பு விளங்குகிறது. திருச்சபை பிறந்தது பேராலயத்தில் அன்று, வீட்டிலே. திருத்தூதர் பணிகள் நூலைப் புரட்டினால், முதற் கிறிஸ்தவர்கள் திருத்தூதரின் போதனையிலும் நட்புறவிலும் அப்பம் பிட்குதலிலும் மன்றாட்டிலும் நிலைத்திருந்ததைக் காண்கிறோம். பிலிப்பியில் செந்நிற ஆடை விற்ற லீதியாவின் வீடு, உரோமையில் கூடாரம் செய்பவரான அக்கிலா - பிரிஸ்கா தம்பதியரின் வீடு, இவையே அன்றைய ஆலயங்கள்.

அவ்வீடுகளிலும் தொல்லை இல்லாமல் இல்லை. பேதுரு புறவினத்தாரான கொர்னேலியுவின் வீட்டு வாசலைத் தாண்டுவதற்கு விண்ணகக் காட்சியே தேவைப்பட்டது. பின்னர் அதே பேதுரு, அந்தியோக்கியாவில் புறவினத்தாருடன் உண்பதிலிருந்து விலகியபோது, பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்து நின்றார். கொரிந்து நகரில் வசதியுள்ளோர் முந்திக்கொண்டு உண்ண, எளியோர் பசித்திருந்ததைக் கேட்டு, இதுவோ ஆண்டவரின் விருந்து என்று கடிந்தெழுதினார். ஆக, சேர்ந்து உண்பதா, ஒருவர் வீட்டில் ஒருவர் நுழைவதா என்பதெல்லாம் நற்செய்திக்குப் புறம்பான சிறு செய்திகள் அல்ல. நற்செய்தி உண்மையா என்பது அங்கேயே உரைத்துப் பார்க்கப்பட்டது.

நம் காலத்தில் இவ்வீட்டுத் திருச்சபைக்குப் புத்துயிர் பிறந்தது. குருக்கள் குறைவாயிருந்த இலத்தீன் அமெரிக்க நாடுகளில் மக்கள் சிறு குழுக்களாகக் கூடி இறைவார்த்தையின் ஒளியில் தம் வாழ்வைச் சிந்தித்தனர். 1968-இல் மெதெயினில் கூடிய அந்நாட்டு ஆயர்கள் அக்குழுக்களை ஊக்குவித்தனர். திருத்தந்தை ஆறாம் பவுல் 1975 டிசம்பர் 8-இல் வெளியிட்ட நற்செய்தி அறிவிப்புப் பற்றிய ஊக்கவுரையில், தலத் திருச்சபையோடு இணைந்து நிற்பவையும் தமக்குள்ளே அடைந்து கிடவாதவையுமான சிறு சமூகங்கள் அனைத்துலகத் திருச்சபைக்கே நம்பிக்கை தருபவை என்று பாராட்டினார். கிழக்கு ஆப்பிரிக்க ஆயர்கள் 1970-களில் இதனைத் தம் முதன்மைப் பணியாக ஏற்றனர். 1990-இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, ஆசியத் திருச்சபை சமூகங்களின் சமூகமாக விளங்க வேண்டும் என்று அறிவித்தது. தமிழகத்தில் கோட்டாறு மறைமாவட்டம் இத்துறையில் முன்நின்று உழைத்துள்ளது. ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய அளவில், ஏறத்தாழ முப்பது குடும்பங்கள் கொண்டதாகக் குழு இருத்தல் வேண்டும் என்பது அங்கே கண்ட நல்லறிவு.

இது புதுவைக்கு மிகவும் வேண்டப்படுவது. நகரம் நீள்வட்டச் சாலைகளைத் தாண்டி எங்கும் பரவிவிட்டது. முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை போன்ற பழம் பகுதிகளும், லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் போன்ற புதுக் குடியிருப்புகளும் ஒன்றாய் இணைந்தன. வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் வெளியூரிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. ஞாயிறு திருப்பலிக்கு ஆலயம் நிறைகிறது. ஆனால் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர் யார், எந்தத் தெரு, வீட்டில் நோயாளி உண்டா என்று அறியாமலே சமாதானம் சொல்லிக்கொண்டு பிரிகிறோம். பங்கு வளர வளர அதற்குள் தனிமையும் வளர்கிறது. பங்குத்தந்தை ஒருவர் ஆயிரம் குடும்பங்களைப் பெயர் சொல்லி அறிதல் ஆகுமா? முப்பது குடும்பங்கள் ஒன்றையொன்று அறிதல் ஆகும்.

ஒரு மாலைப் பொழுது

அன்பியக் கூட்டம் எவ்வாறு நடைபெறுகிறது? ஆடம்பரம் ஒன்றுமில்லை. சிறு மேசைமேல் வெண்துணி. அதன்மேல் பாடுபட்ட சுரூபம், எரியும் மெழுகுதிரி, திறந்த திருவிவிலியம். முதியோருக்கு நாற்காலி, மற்றோருக்குப் பாய். தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிலையம் வகுத்துப் பல நாடுகளில் பரவிய ஏழு படி முறை பெரும்பாலும் கையாளப்படுகிறது. முதலில் ஆண்டவரை அழைத்தல், இரண்டாவது, இறைவார்த்தையை வாசித்தல், மூன்றாவது, மனத்தைத் தொட்ட சொல்லை மீண்டும் சொல்லி அதில் தங்குதல், நான்காவது, மௌனம், ஐந்தாவது, உள்ளத்தில் கேட்டதைப் பகிர்தல், ஆறாவது, செய்ய வேண்டியது என்ன என ஆராய்தல், ஏழாவது, மன்றாட்டு.

இம்முறையின் நுட்பத்தைக் கவனியுங்கள். இங்கே மறையுரை ஆற்றுவோர் இல்லை. வாதம் செய்வோர் இல்லை. பட்டம் பெற்ற ஆசிரியரும், எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் ஒரே சொல்லின் முன் அமர்கின்றனர். பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் 'சொல்தா' குடும்பத்துப் பெரியவரும், கட்டட வேலை முடித்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்தவரும் ஒருவர் பகிர்வதை ஒருவர் குறுக்கிடாமல் கேட்கின்றனர். ஆலயத்தில் வாய் திறவாத பெண்கள் இங்கே பேசுகின்றனர். ஆறாவது படியில் இறைவார்த்தை தெருவுக்கு இறங்குகிறது: மூன்றாம் வீட்டு அம்மாவுக்கு மருத்துவமனையில் துணை இருப்பது யார்? கணவனை இழந்தவரின் உதவித்தொகை மனுவை எழுதிக் கொடுப்பது யார்? குடிநீர்க் குழாய் பழுதானதை நகராட்சியில் சொல்வது யார்? இவற்றுக்கு அன்றே ஆள் குறிக்கப்படுகிறது.

இத்தகைய உறவின் பயன் இடுக்கண் வேளையில் தெரியும். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோதும், 2024 நவம்பர் 30 இரவில் 'பெஞ்சல்' புயல் புதுவைக்கு அருகே கரை கடந்து ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டியபோதும், முதல் உதவி அரசு வண்டியில் வரவில்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்தது. யார் வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருக்கிறார், யார் வீட்டுக் கூரை தாழ்ந்தது என்பதை முன்பே அறிந்தவரே அந்நேரத்தில் உதவ முடியும். 2020 மார்ச்சில் நாடு முழுதும் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் சாத்தப்பட்டபோது, குடும்பம் ஒரு குட்டித் திருச்சபை என்னும் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் போதனைக்கு நம்மில் பலர் அன்றுதான் பொருள் கண்டோம்.

தெருவின் எல்லை

ஆயினும் ஓர் ஆபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்பியங்கள் தெருக்களைக் கொண்டு பிரிக்கப்படுகின்றன; அதுவே எளிது, அதுவே இயல்பு. ஆனால் புதுவையின் தெருக்கள் எவ்வாறு பிறந்தன என்பதைத் தொடக்கத்திலேயே கண்டோம். குலத்துக்கொரு தெரு என வகுத்த ஊரில் தெருவுக்கொரு அன்பியம் என வகுத்தால், என்ன நேரும்? சம்பா கோவிலில் இடித்த சுவரை அன்பியத்தின் எல்லைக்கோடாய் நாமே மீண்டும் எழுப்பியவர் ஆவோம். அதுவும் மெழுகுதிரி ஏற்றி, பாட்டுப் பாடி எழுப்பியவர் ஆவோம். சிற்றூர்களில் ஊரும் சேரியும் தனித்தனி அன்பியமாய் அமைந்தால் இதுவே நிலை.

இன்னொன்றும் உண்டு. கூட்டம் வீடுதோறும் சுழன்று வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் சில வீடுகளுக்கு முறை வந்தால், "இடம் போதாது, அவர்களுக்கு ஏன் சிரமம்?" என்று இனிமையாகச் சொல்லித் தாண்டிவிடுவதுண்டு. வேறு சில வீடுகளில் கூட்டம் நடக்கும் நாளில் சிலருக்கு மட்டும் வேறு அலுவல் வந்துவிடும். வந்தவரும் செபம் முடிந்ததும் தேநீரைத் தொடாமல் எழுந்துவிடுவர். சொல்லாத சொல்லை அவ்வீட்டார் நன்கு புரிந்துகொள்வர். 1745-இல் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆதலின் அதைச் சுட்டிக்காட்டி முறையிட முடிந்தது. ஆறிப்போகும் தேநீரைச் சுட்டி யாரிடம் முறையிடுவது?

ஆகவே அன்பியம் நடத்தும் அன்பர்கள் சிலவற்றைத் திட்டமாக வகுத்துக்கொள்ளுதல் நலம். எல்லை வகுக்கும்போது தெருவின் பெயரைப் பாராமல் தெருமுனையைப் பாருங்கள்; இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தை நடுவாக வைத்து நாற்புறத்து வீடுகளையும் சேர்த்தால் பழைய கோடு தானே அழியும். ஊரின் அமைப்பினால் அது இயலாதெனில் இரண்டு அன்பியங்களை இணைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறையேனும் மாறிமாறி ஒருவர் பகுதிக்கு ஒருவர் சென்று கூடட்டும். ஆண்டுத் தொடக்கத்தில் வீடுகளின் முறையைச் சீட்டெடுத்து முடிவு செய்து எழுதி ஒட்டிவிட்டால் எந்த வீட்டையும் தாண்டிச் செல்ல வாய்ப்பிராது. உபசாரம் எல்லா வீட்டிலும் ஒன்றாகவே, தேநீர் அல்லது பானகம் என்னும் அளவிலேயே இருக்கட்டும். பெரிய வீட்டின் பலகாரம் சிறிய வீட்டுக்குச் சுமையாகிவிடக் கூடாது. ஆனால் அந்த ஒரு குவளையை எல்லோரும் பருகியே எழ வேண்டும். பொறுப்பாளர் பதவி ஒரே குடும்பத்தில் தங்காமல் மாறி வரட்டும். ஆலயத்தில் வாசகம் வாசிக்கவும், பங்குப் பேரவையில் அமரவும், திருவிழாவில் முன்னிற்கவும் எல்லா அன்பியங்களிலிருந்தும் ஆட்கள் வரட்டும். வரி வசூலுக்கும் அறிவிப்புக்கும் மட்டும் அன்பியத்தைப் பயன்படுத்தினால் மக்கள் விரைவில் வாசலைச் சாத்துவர். அதில் அவர்கள் குற்றம் இல்லை.

இன்னும் ஓரடி மேலே செல்லலாம். நம் தெருவில் இந்து, இஸ்லாமிய அயலாரும் உள்ளனர். சம்பா கோவிலை அடுத்திருந்த வேதபுரீஸ்வரர் ஆலயம் துய்ப்ளெக்ஸ் ஆட்சியில் 1748-இல் இடிக்கப்பட்டது என்பதையும் இவ்வூர் மறக்கவில்லை; நாமும் மறக்கலாகாது. ஆறாவது படியில் நாம் எடுக்கும் முடிவுகள், நோயாளியைப் பார்ப்பதாயினும் வடிகாலைச் சீர்செய்வதாயினும், அவர்களையும் உட்படுத்தியதாக இருத்தல் வேண்டும். அன்பியம் கிறிஸ்தவரின் தனிக் கோட்டையாக மாறுமாயின் அப்பெயர் அதற்குப் பொருந்தாது.

திண்ணை

புதுவையின் தமிழர் பகுதியில் எஞ்சியுள்ள பழைய வீடுகளின் முன்புறத்தைப் பாருங்கள். வீதியை ஒட்டிச் சரிந்த தாழ்வாரம். அதன் நிழலில் வழிப்போக்கர் ஒதுங்கலாம். அதற்குள்ளே தூண்கள் தாங்கிய திண்ணை. அங்கே தெரிந்தவர் அமரலாம். அதற்கும் உள்ளே வேலைப்பாடமைந்த கதவு; பின் முற்றமும் கூடமும். வீதியிலிருந்து முற்றம் வரை படிப்படியாக உள்ளே அழைக்கும் அமைப்பு அது. எனினும் யார் தாழ்வாரத்தோடு நிற்பார், யார் திண்ணை வரை வருவார், யார் கூடத்தில் அமர்வார் என்பதையும் அதே அமைப்பு ஒரு காலத்தில் தீர்மானித்தது. அழைப்பதும் நிறுத்துவதும் ஒரே வாசலே.

மாதம் ஒருமுறை மெழுகுதிரி ஏற்றி அயலாரை வரவேற்கும் குடும்பம் அவ்வாசலை எல்லோருக்கும் ஒரே வகையில் திறக்கக் கற்றுக்கொள்கிறது. நோயுற்றவரின் வீட்டுக்குள் செல்லுங்கள் என்று 1704-இல் குருக்களுக்கு இவ்வூரில் இடப்பட்ட கட்டளையை, இன்று எந்த ஆணையும் இன்றி, தாய்மாரும் இளைஞரும் நிறைவேற்றி வருகின்றனர். அடுத்த முறை உங்கள் அன்பியத்தின் முறைப்பட்டியல் வரும்போது அதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அதில் இதுவரை இடம்பெறாத வீடு எது என்று கண்டால், முதற் கூட்டத்தை அங்கே வைத்துக்கொள்ளக் கேளுங்கள். அவர்கள் அளிப்பதை மகிழ்வோடு வாங்கிப் பருகுங்கள்.

புதுவையைக் காண வரும் அன்பர்களும் பேராலயத்தில் வணங்கிய பின்னர் ஒரு மாலை தங்குங்கள். பங்குப் பணியகத்தில் கேட்டால் அன்று எந்த வீட்டில் கூட்டம் என்று சொல்வார்கள். வழி தேட வேண்டியதில்லை. வாசலில் நிறையச் செருப்புகள் கிடக்கும் வீடே அது.